இரட்டைச் சாவி

தூத்துக்குடியில் ஏடிஎம்களுக்குப் பணம் நிரப்பப் போகும் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த வேலைக்குக் கன்மேன் என்று பெயர். மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபிறகு எனக்குச் சோறு போட்டது அந்தத் தொழில்தான். பாளையங்கோட்டை ரோடு, முத்தையாபுரம், ஸ்பிக் நகர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று வண்டி காலையில் கிளம்பினால் பொழுது சாயும்வரை ஓட்டம்தான்.

வெளியில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் கம்பெனியுடையது அல்ல. மாவட்ட ஆட்சியர் கொடுத்த உரிமம் கன்மேன் பெயரில் இருக்கும், துப்பாக்கியும் அவர் கைக்காசில் வாங்கியதாக இருக்கும். வேலை கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வியே “சொந்தத் துப்பாக்கி இருக்கா அண்ணாச்சி?” என்பதுதான். அதனால் மாலையில் மிச்சப் பணம் பெட்டகத்துக்குப் போகும், துப்பாக்கி என் தோளில் தொங்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்கு வரும். இரண்டு அறை, ஒரு திண்ணை, பேரன் பேத்தி ஓடி விளையாடும் வீடு. பகலில் பத்து மணி நேரம் வங்கிப் பணத்துக்குக் காவல் இருந்த பொருள், மீதி நேரம் முழுக்கக் குழந்தைகளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தது.

பணத்துக்கு எத்தனை விதி! 2018-ல் உள்துறை அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி பண வண்டியில் ஆயுதத்தோடு இரண்டு காவலர் இருக்க வேண்டும். நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேலும் ஏடிஎம்மில் பணம் நிரப்பக் கூடாது. ஒரே வண்டியில் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது. இதையெல்லாம் அதிகாரிகள் வந்து சரிபார்ப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். துப்பாக்கியை இரவில் எங்கே வைக்கிறீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று நான் வேலைபார்த்த காலம் முழுதும் ஒரு கம்பெனியும் என்னிடம் கேட்டதில்லை.

எனக்கு வழி காட்டியது வங்கிதான். கிளையின் ஸ்ட்ராங் ரூமை யாரும் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி மேலாளரிடம், இன்னொன்று தலைமைக் காசாளரிடம் இருக்கும். இரண்டு பேரும் வந்து நின்று இரண்டு சாவியும் போட்டால்தான் கதவு அசையும். மேலாளர் யோக்கியர் இல்லை என்பதற்காக அப்படி வைக்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதனுக்கும் அசதி வரும், அவசரம் வரும், ஒருநாள் ஞாபகம் தப்பும். அந்த ஒருநாளைக்காகத்தான் இரண்டாவது சாவி. தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் காவல் நின்ற எனக்கு, இதையே வீட்டில் செய்தால் என்ன என்று தோன்றியது.

என்னுடையது பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. டி.பி.பி.எல். என்று உரிமப் புத்தகத்தில் எழுதுவார்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாகவும் அடிக்கட்டை தனியாகவும் வந்துவிடும். கழற்றுவதற்கு அரை நிமிடம் போதும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் செய்வேன். குழல் ஒரு இரும்புப் பீரோவில் போகும். அந்தப் பீரோவைச் சுவரோடு போல்ட் அடித்து வைத்திருந்தேன், சாவி என் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். அடிக்கட்டை வேறு அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். தோட்டாக்களுக்கு மூன்றாவதாக ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் சாவி என்னிடம் இருக்காது, என் மகளிடம்தான் இருக்கும். காலையில் நான் கிளம்பும்போது அவள் திறந்து எண்ணிக் கொடுப்பாள், மாலையில் எண்ணி வாங்கிப் பூட்டுவாள்.

முதலில் அந்தச் சாவியை என் வீட்டம்மாவிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். பிறகு என் தகப்பனார் ஞாபகத்துக்கு வந்தார். அவர் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு எங்கள் கடலில் 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பது நிற்கவில்லை. அந்தக் காலத்தில் குளிகாரர் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் இருந்து பிடிப்பவர் பெரும்பாலும் மச்சினனாகத்தான் இருப்பார். தன் அக்காளோ தங்கச்சியோ தாலி அறுக்கக் கூடாது என்ற பயம் அவருக்குத்தானே அதிகம்? அதுபோலத்தான் இதுவும். அந்தத் தோட்டாவால் யாருக்கு எல்லோரையும் விட அதிகமாக நஷ்டம் வருமோ, அவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றவள் என் மகள். அதனால் சாவி அவளுக்குப் போனது. நான் வேலையிலிருந்து நின்ற நாள்வரை எண்ணிக்கையில் ஒருநாளும் அவள் அசரவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்த நாளிலும், “எப்பா, ரெண்டு குறையுதே, பைக்குள்ள பாருங்க” என்று கேட்டு வாங்கித்தான் பூட்டினாள்.

இந்த ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மலைப்பக்கமோ உள்நாட்டிலோ இருப்பவருக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அது உப்பு. எங்கள் காற்றில் கடலும் இருக்கிறது, உப்பளமும் இருக்கிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் ராத்திரி துடைத்து வைத்த இரும்பில் காலையில் விரல் வைத்தால் பிசுபிசுக்கும். மூன்று நாள் விட்டால் குழலுக்குள் செம்புள்ளி தட்டும். ரெக்சின் உறைக்குள் போட்டு வைத்தால் இன்னும் மோசம், உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியே விடாது. ஆகவே அடிக்கடி கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பூட்டி வைத்தால் துரு பிடிக்கும், துரு எடுக்க வேண்டுமென்றால் வெளியே எடுக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி பூட்டுக்கு வெளியே இருக்கும் நேரமே துடைக்கும் நேரம்தான். திண்ணையில் கோணிச்சாக்கை விரித்து எண்ணெய், கம்பி, துணி எல்லாம் பரப்பி உட்கார்ந்தால் பிள்ளைகள் ஓடி வந்து சுற்றி நின்றுகொள்ளும். அவர்களுக்கு அது தாத்தா காட்டும் வேடிக்கை.

அதனால் துடைக்கிற வேலையைப் பள்ளிக்கூட நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் தோட்டாப் பெட்டி திறக்கவே கூடாது. பீரோவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டேன். அது ஈரத்தை இழுத்துக்கொண்டதால் துடைக்க வேண்டிய நாட்களும் குறைந்தன. உப்புக் காற்றுக்கும் குழந்தைப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடற்கரையில் ஒரு மழைக்காலம் துப்பாக்கி வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

என்னோடு வேலைபார்த்த ஒருவர் வீட்டில் நடந்தது இது. அவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் சாய்த்து வைப்பார். “காலித் துப்பாக்கி வே, வெறும் கம்பு. அது என்ன செய்யும்?” என்பார். ஒருநாள் காலை வண்டி ஏறுமுன் வழக்கம்போல இருவரும் குழலைத் திறந்து வானத்தைப் பார்த்துப் பிடித்தோம். அவருடைய வலது குழலில் வெளிச்சம் வந்தது, இடது குழலில் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபோது பச்சை நிறத்தில் களிமண் வந்தது. பள்ளிக்கூடத்தில் பொம்மை செய்யக் கொடுப்பார்களே, அதே களிமண். பேரன் விளையாட்டாகத் திணித்திருக்கிறான். அடைபட்ட குழலில் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துப் பிளக்கும், பிடித்த கை போய்விடும். காலியாக இருந்த துப்பாக்கியும் அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டியதால் ஒரு ஆளை முடக்கியிருக்கும். அன்று சாயங்காலமே அவர் பூட்டு வாங்கப் போனார். நானும் கூடப் போனேன்.

“எங்க பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சிருக்கோம், தொடமாட்டாங்க” என்று சொல்லும் வீடுகள் நிறைய. அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. சொல்லித்தான் வைத்திருப்பார்கள். என் மகள் செவிலியர். அவள் ஒருமுறை ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். 2001-ல் அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட 64 பையன்களை இரண்டு மூன்று பேராக 29 குழுக்களாகப் பிரித்து ஓர் அறையில் விளையாட விட்டிருக்கிறார்கள். அங்கே ஓர் இழுப்பறையில் உண்மையான கைத்துப்பாக்கி, சுட முடியாதபடி செய்து வைக்கப்பட்டிருந்தது. 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன, 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை இழுத்துவிட்டான். எடுத்துப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்களாம், அல்லது நிசமா என்று தெரியாமல் இருந்தார்களாம்.

அந்தப் பாதிப் பேரை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். தீபாவளிக்கும் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கும் பொட்டு வெடித் துப்பாக்கி இல்லாத பையன் உண்டா? இப்போது வரும் பொம்மைகள் கனமாகவும் கறுப்பாகவும் நிசம்போலவே இருக்கின்றன. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் சொல்ல வேண்டும். துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவரிடம் சொல் என்று என் பேரனுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் காவல் காக்கிற வேலையை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க எனக்கு மனம் வராது. பூட்டுவது என் வேலை.

பட்டாளத்தில் இதைப் பேச்சாக யாரும் சொல்லித் தந்ததில்லை. கோத் என்று ஆயுத அறையைச் சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ரேக்கில் எண் உண்டு, விசைக் காப்புகளுக்குள் சங்கிலி ஓடிப் பூட்டு விழும், தோட்டா வேறு கட்டடத்தில் இருக்கும். சுடும் பயிற்சி முடிந்து திரும்புமுன் ஒவ்வொரு சிப்பாயும், என்னிடம் காலி கோக்காவும் (சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு) இல்லை, சுடாத ரவையும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினேழு வருடம் அப்படிச் சொல்லிப் பழகிய ஆள், ஓய்வு பெற்று வந்தவுடன் அதே தோட்டாவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார். ஒழுங்கு அந்த அறையோடு நின்றுவிட்டது, ஆளோடு வீடு வந்து சேரவில்லை.

அத்தனை ஒழுங்கு இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு நார்த்தாமலை சாட்சி. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி நடந்தது. அருகே தாத்தா பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அந்தப் படைதான் எங்கள் துறைமுகத்துக்கும் காவல், அதில் எனக்குத் தெரிந்த நல்ல ஆட்கள் உண்டு. செய்தி வந்த வாரம் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. சுடுதளத்தில் சிவப்புக் கொடி உண்டு, மண்மேடு உண்டு, கட்டளை கொடுக்க அதிகாரி உண்டு. அங்கேயே ஒரு பிள்ளை போகிறது என்றால், கொடியும் மேடும் இல்லாத பத்தடி அறையில் துப்பாக்கியைச் சாய்த்து வைப்பவர் எந்தத் தைரியத்தில் வைக்கிறார்?

துறைமுகம் என்றதும் அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது. 2013 அக்டோபர் 12 அன்று சீமேன் கார்ட் ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்து வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த 35 பேரில் 25 பேர் ஆயுதக் காவலர்கள். 35 துப்பாக்கிகளும் 5,680 தோட்டாக்களும் இருந்தன. வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கும் வேலை அவர்களுக்கு. “நம்மள மாதிரி கன்மேன்தாம்ல, கடல்ல இருக்கான், அவ்வளவுதான்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். வழக்கு நான்கு வருடம் நடந்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது, 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. சட்ட நுணுக்கங்களுக்குள் நான் போகவில்லை. அந்த நாட்களில் நான் தெரிந்துகொண்ட ஒரு செய்திதான் மனதில் நின்றது. ஆயுதத்தோடு வரும் கப்பலைப் பல நாட்டுத் துறைமுகங்கள் எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனால் கரைக்கு வருமுன்னே ஆயுதங்களை நடுக்கடலில் நிற்கும் வேறு கப்பலில் ஒப்படைத்துவிட்டு வரும் வழக்கம் இருக்கிறது. துப்பாக்கி ஊருக்குள் வர வேண்டாம் என்பதற்காகவே ஒரு கப்பலைக் கடலில் நிறுத்துகிறார்கள். நமக்கோ சட்டத்திலேயே வழி உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைக்கலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். தேர்தல் அறிவித்தால் மாவட்டம் முழுக்கத் துப்பாக்கிகள் நிலையத்துக்குப் போகின்றனவே! வங்கிக் காவலில் இருப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு விலக்கு கிடைக்கும். மற்றவர்களுடையது வாரக்கணக்கில் சீட்டுக் கட்டிப் பத்திரமாக இருக்கும். தேர்தலுக்குச் செய்ய முடிவதைப் பிள்ளைகளுக்காகச் செய்ய முடியாதா? கன்மேன்களை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனிகள் அரசிடம் முறையாக அனுமதி வாங்கி, இரவில் துப்பாக்கிகளை வைக்க ஒரு காப்பறை கட்ட வேண்டும். இதை நான் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2016-ல் வந்த விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியையும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியையும் கொண்டுவந்தன. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன, கல்யாணத்திலும் விழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டாண்டுச் சிறைவரை போகலாம் என்றானது. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீட்டியது. ஐந்து வருடத்தில் கைப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிடும், பீரோவின் மேல்தட்டு அதன் கைக்கு எட்டும். உறுதிமொழி எழுதிய நாளில் இருந்த வீடு புதுப்பிக்கும் நாளில் இருப்பதில்லை.

2018 மே 22-க்குப் பிறகு இந்த ஊரில் துப்பாக்கியைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் போனது. எங்கள் திரேஸ்புரத்திலும் சாவு விழுந்தது. அதற்குப்பின் பஸ்ஸில் என் தோளைப் பார்த்துப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் பயம் நியாயமானது. நான் பஸ்ஸை விட்டுவிட்டு, குழலையும் கட்டையையும் கழற்றிப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோகத் தொடங்கினேன்.

விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வேறு விதமான சிக்கல். பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கிகள் சில வீடுகளில் உண்டு. அதில் மருந்தையும் ரவையையும் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். ஒருமுறை இடித்துவிட்டால் தோட்டாவை உருவுவதுபோல் சுலபமாக வெளியே எடுக்க முடியாது. சுட வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் திருகுக் கம்பி விட்டுப் பக்குவமாக எடுக்க வேண்டும். அந்த மெனக்கெடலுக்குச் சோம்பி, இடித்தது இடித்தபடியே பரணில் ஏறிவிடும். வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், வீட்டுக்காரர் இறந்த பிறகும்.

அப்படி ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். பெரியவர் இறந்து மாதங்கள் ஆகியிருந்தன. “அவுக சாமான், வீசவும் மனசில்ல, தொடவும் பயமா இருக்கு” என்றார் அந்த அம்மா. இறந்தவர் பெயரில் இருந்த உரிமம் அவரோடு முடிந்துவிடும். அதன்பின் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டப்படி குற்றம். தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு யாருக்காவது வேண்டுமென்றால் பிறகு உரிமத்துக்கு மனுப் போடலாம். நான் அதைக் கையில் எடுக்கவில்லை, இறக்கவும் விடவில்லை. நிலையத்துக்குப் போன் செய்து, மருந்து இடித்திருக்கலாம், ஆயுதப்படையில் பழுது பார்க்கத் தெரிந்தவரோடு வாருங்கள் என்று சொன்னேன். வந்து பார்த்தார்கள், மருந்து இருக்கத்தான் செய்தது. கேப் வைக்கும் முனையில் துரு ஏறி, உள்ளே மருந்து கெட்டியாகக் கிடந்தது. எடுத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. பரண் ஏணி அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சாய்ந்து கிடந்தது.

எனக்கும் பார்வை மங்கி வருகிறது, வேலையை விட்டுவிட்டேன். மகன் பெங்களூரில் இருக்கிறான், துப்பாக்கி அவனுக்கு வேண்டாம். உரிமப் புத்தகம், கடைக்காரர் விலாசம், ஒப்படைக்க வேண்டிய காவல் நிலையம், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எந்தச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் தாளில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். விற்பதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் மனுவும் கொடுத்தாயிற்று. வரும் மார்ச்சில் உரிமம் முடிவதற்குள் கடையில் ஒப்படைத்து, ரசீது வாங்கிவிட வேண்டும்.